வரி முடிவில் அப்பா பிரேக் போடுகிறார்

கணினியில் பீட், அதாவது தாளம், கட்டச் சொல்லித்தரும் மோக் சாரின் வகுப்பில் ஒவ்வொரு ஒலிக்கும் தலை, வயிறு, வால் என்று மூன்று பாகம் உண்டு. ஒலி வந்து மோதுகிற முதல் துணுக்கு தலை. அதன் தடிமன் வயிறு. அது தேய்ந்து மறைகிற விதம் வால்.

"தலை கூரா இருந்தா ஆளை எழுப்பும். வயிறு பெருசா இருந்தா நெஞ்சை அமுக்கும். வால் நீளமா இருந்தா பின்னாடி வர்றவன் மிதிச்சு விழுவான். பாடம் இவ்வளவுதான். மீதியெல்லாம் காது."

முதல் செவ்வாய்க்கிழமை இப்படிச் சொல்லிவிட்டு, கணினியில் ஒரு கோப்புறை நிறைய கிக் ஒலிகளைத் திறந்து ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். கிக் என்பது தாளத்தின் அடியில் விழும் தடித்த அடி. பீட் என்கிற வீடு நிற்பது அதன்மேல்தான். மற்றவர்கள் உடனே ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். நான் வகுப்பு முடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பக்கத்து நாற்காலி கூ அண்ணன் தலையிலிருந்து ஹெட்ஃபோனை இறக்கினார். அவர் முடி திருத்துபவர். தன் கத்தரிக்கோல் சத்தத்தையே பதிவுசெய்து கொண்டுவந்திருந்தார்.

"ஏம்மா சேபோம், மாப்பிள்ளையா பாக்கறே? கிக்கும்மா அது. பிடிக்கலேன்னா நாளைக்கு மாத்திக்கலாம்."

"ரெண்டு பிடிச்சிருக்கு அண்ணா. எதுன்னு தெரியல."

"உன் வேலையே அதுதானே? கடையில எங்களை என்ன பாடு படுத்துறே!"

உண்மைதான். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவள். "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?" என்று பகல் முழுக்கக் கேட்கிறேன். கேட்கிற இடத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. பதில் சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் வாடிக்கையாளர்களின் உள்ளங்கை ஏன் வியர்க்கிறது என்று புரிந்தது.

இந்த வகுப்பில் நான் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எங்கள் வட்டாரத்து மாலை வகுப்புக் கட்டடத்தில் பூ அலங்கார வகுப்பு நிரம்பிவிட்டது. பீட் வகுப்பில் இடம் இருந்தது. அது அப்பா பாடும் பாட்டில் போய் முடியும் என்று அப்போது தெரியாது.

அக்கா தாசோம் சியோலில் வேலை பார்க்கிறாள். கல்யாணத் தேதி முடிவான வாரம் தொலைபேசியில் கூப்பிட்டாள். நாங்கள் மூவரும் தேகுவில் எங்கள் வீட்டுச் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா தொலைபேசியைக் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"வாழ்த்துப் பாட்டு யார் பாடறதுன்னு மண்டபத்துல கேக்கறாங்க," என்றாள் அக்கா.

"மாப்பிள்ளையோட சிநேகிதன் யாராவது பாடுவான். அதானே வழக்கம்?" என்றாள் அம்மா.

"அப்பா பாடணும்."

அம்மாவின் கரண்டி நின்றது. அப்பா மென்றுகொண்டிருந்த முள்ளங்கிக் கிம்ச்சியின் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் நின்றது.

"அப்பா, நான் குறை சொல்லலை," என்றாள் அக்கா. "பள்ளிக்கூட விழாவுக்கு நீங்க வண்டியில இருந்தீங்க. பட்டம் வாங்கினப்பவும் வண்டியில இருந்தீங்க. ஊருக்கெல்லாம் விசேஷம்னா உங்க வண்டியில கூட்டம். தெரியும். இந்த ஒரு தடவை எல்லார் முன்னாடியும் எனக்காக நின்னு ஒரு பாட்டுப் பாடுங்க. போதும்."

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். அதிகம் பேசுகிறவர் இல்லை. எங்களோடு அவருடைய தொலைபேசிப் பேச்சு "சாப்பிட்டியா"வில் தொடங்கி "சரி வை"யில் முடியும். அன்று "ம்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டியா?" என்றார்.

அக்கா வைத்ததும் அம்மா ஆரம்பித்தாள். "தாசோம் அப்பா! நெஜமாவே 'ம்'னுட்டீங்களே! நீங்க பாடினா முன்வரிசைக்கு முதலுதவி வேணுமே!"

"வாய் தவறிடுச்சு," என்றார் அப்பா. ஆனால் காது சிவந்திருந்தது. சந்தோஷத்திலும் அவருக்குக் காதுதான் முதலில் சிவக்கும்.

அவருக்குத் தெரிந்த பாட்டெல்லாம் பிரிவும் மழையும் துறைமுகமுமாக இருந்தது. கல்யாண மண்டபத்தில் பாட ஒன்றுகூடத் தேறவில்லை. அதனால் வார்த்தைகளை நாங்களே கட்டினோம். கட்டினோம் என்பதுகூட அதிகம். "அக்காகிட்ட என்னப்பா சொல்லணும்?" என்று கேட்டேன். அவர் நாள் முழுக்கப் பயணிகளிடம் சொல்வதையே சொன்னார். நான் அதை வரிகளாக உடைத்தேன்.

கைப்பிடியைப் பிடிச்சுக்கோ, வண்டி கிளம்புது.
வளைவு வந்தா சொல்றேன், பயப்படாதே.
உன் நிறுத்தம் வந்தாச்சு, மெதுவா இறங்கு.
நீ இறங்கற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டேன்.

ஏறி இறங்கும் எளிய மெட்டு ஒன்றை அவரே முணுமுணுத்தார். பீட் போடுவது என் பொறுப்பு.

*

என் முதல் பீட்டை மோக் சார் இரண்டு தடவை கேட்டார். அவர் எதையும் இரண்டு தடவை கேட்பதில்லை.

மூன்று வாரம் ஒப்பிட்டு ஒப்பிட்டு எடுத்த ஒலிகள் அதில் இருந்தன. மரக்கதவைச் சுண்டுவது போல் தலை கூர்மையான ஒரு கிக். அதற்குப் பதில் சொல்லும் இடத்தில், ஒரு ஸ்னேர் முரசின் மேல் ஒட்டிவைத்த கைத்தட்டல். இடையில், பாத்திரத்தில் அரிசி கொட்டுவது போன்ற சில்லுச் சில்லு ஒலி. எல்லாவற்றையும் திரையில் உள்ள கட்டங்களின் கோட்டில் மயிரிழை பிசகாமல் நிறுத்தியிருந்தேன்.

"சுத்தம்," என்றார் மோக் சார். "கடையில வாங்கினதோன்னு நெனச்சேன்."

கூ அண்ணன் கை கொடுத்தார். பேருந்தில் வீட்டுக்கு வரும்போது அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். எதையாவது குறை கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயந்து கேட்டேன். எதுவும் அகப்படவில்லை. அது எனக்குப் புதிது.

சனிக்கிழமை மதியம் அப்பா அம்மாவோடு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பாட்டறை ஒன்றுக்குப் போனோம். சுவர் முழுக்க ஊதா விளக்கு. அம்மா உள்ளே நுழைந்ததும் கஞ்சிராவைக் கையில் எடுத்தாள். என் சின்ன ஸ்பீக்கரை மேசைமேல் வைத்தேன். அப்பா மைக்கை ஸ்டியரிங் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

முதல் வரி நன்றாகத்தான் தொடங்கியது. "கைப்பிடியைப் பிடிச்சுக்கோ" வரை கிக்கோடு ஒட்டி வந்தார். "வண்டி கிளம்புது" என்ற இடத்தில் பாட்டு மெல்ல மெல்லத் தயங்கி, கிட்டத்தட்ட நின்றே போயிற்று. அதற்குள் கைத்தட்டல் அவருக்கு முன்னால் 'சடக்' என்று விழுந்தது. அப்பா திடுக்கிட்டு ஓடிப் பிடித்தார். அடுத்த வரியின் முடிவிலும் அதேதான். ஒவ்வொரு தடவையும் அந்தச் 'சடக்' அவர் பிந்தியதைச் சுட்டிக்காட்டி அறிவிப்பது போல் இருந்தது. போதாததற்கு, ஸ்பீக்கரில் கைத்தட்டல் கேட்டதும் அம்மாவும் தட்டத் தொடங்கினாள். அவள் கை ஒரு இடத்தில், ஸ்பீக்கரின் கை ஒரு இடத்தில், அப்பா இரண்டுக்கும் நடுவில்.

"தாசோம் அப்பா, அது அங்க போகுது, நீங்க எங்க போறீங்க?"

"நீ தட்டாம இரேன்."

"கைத்தட்டல் கேட்டா கை தானா தட்டும். மண்டபத்துல எல்லாரும் தட்டுவாங்க, அப்ப என்ன பண்ணுவீங்க?"

மூன்றாவது முறை பாதியில் நிறுத்திவிட்டார். மைக்கை அதன் உறைக்குள் கவனமாக வைத்தார். விளையாட்டாக நிறுத்துகிறாரா என்று பார்த்தேன். இல்லை.

"சேபோமா, உன் தாளம் நல்லா இருக்கு. அதுமேல நான் ஏற வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவுக்குப் பட்டுத்துணி எடுக்க அக்கா வர்றாள்ல? அப்பச் சொல்லிடறேன். மாப்பிள்ளையோட சிநேகிதனே பாடட்டும். சம்பந்தி வீட்டார் முன்னாடி அவளுக்குத் தலைகுனிவு வேண்டாம்."

திரும்பும் வழியில் அம்மா யாரையும் கிண்டல் செய்யவில்லை. விஷயம் எவ்வளவு பெரிது என்பது அதிலிருந்துதான் தெரிந்தது.

*

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்த பிறகு மோக் சாரிடம் சொன்னேன்.

"அன்னைக்கு பீட்டை நீயே கையால வாசிச்சுடு," என்றார். "அப்பா நின்னா நீயும் நில்லு. அவர் போனா நீயும் போ."

மண்டபத்தில் கேட்டுவிட்டேன் என்றேன். அங்கே ஒலி பார்க்கும் ஆள் சிரித்திருந்தார். "ஒரு கல்யாணம் வெளிய போறப்ப அடுத்த கல்யாணம் வாசல்ல நிக்கும்மா. ஒயர் மாட்டவெல்லாம் நேரமில்ல. பென்டிரைவ்ல போட்டுக் குடு, பட்டனைத் தட்டறேன்" என்றார். ஆக, பீட் ஒருமுறை ஓடத் தொடங்கினால் ஓடியே தீரும். அப்பாவுக்காக அது நிற்காது.

"அப்ப அப்பா குரலைப் பதிவு பண்ணு. பிந்தற இடத்தையெல்லாம் வெட்டி, கோட்டுக்கு இழுத்து வெச்சுடு. அன்னைக்கு அவர் வாயசைச்சா போதும். நெறையப் பேர் செய்யறதுதான்."

செய்தேன். எனக்குக் கைவந்த வேலை அது. அப்பாவின் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நறுக்கி, கோட்டோடு கோடாக ஒட்டினேன். வியாழக்கிழமை இரவு உணவுக்கு முன் சமையலறையில் போட்டுக் காட்டினேன். அப்பா பார்லித் தண்ணீர்க் குவளையோடு நின்று கேட்டார்.

"யாரு இது?"

"நீங்கதான்."

"நானா? நம்ம வண்டியில 'அடுத்த நிறுத்தம்'னு ஒரு பொண்ணு சொல்லுமே, அவளோட புருஷன் மாதிரி இருக்கான்."

அம்மா வெங்காயத்தாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்துவிட்டு, குவளையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

"இவன் பாடறதா இருந்தா நான் எதுக்கு அங்க நிக்கணும்? அவ நிக்கத்தானே சொன்னா."

அந்தக் கோப்பை அழித்துவிட்டேன். கோபத்தில் இல்லை. அவர் சொன்னது சரி என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

*

மறுநாள் வெள்ளி. மதியம் கடையில் எனக்கு ஓய்வு. அப்பாவின் தடத்தில் போய்க் காத்திருந்து அவருடைய வண்டியிலேயே ஏறினேன். வண்டிக்குள் கேட்கும் ஒலிகளில் ஒன்றைப் பீட்டில் சேர்த்தால் அவருக்குத் தைரியம் வரலாம் என்று ஒரு நினைப்பு. அதற்காக ஒலிகளைத் தொலைபேசியில் பதிவுசெய்யப் போயிருந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மற்ற பயணிகளுக்குச் சொல்வது போலவே "வாங்க" என்றார். காது சிவந்தது.

ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடி துடைக்கும் தண்டின் இழுவை. கதவு திறக்கும் காற்றுச் சத்தம். இறங்குவதற்கு அழுத்தும் மணி. வலது ஓர நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது போடும் இடது இண்டிகேட்டர் விளக்கின் 'டிக்… டிக்…'. எல்லாவற்றையும் எடுத்தேன்.

நான்கைந்து நிறுத்தங்களுக்குப் பிறகுதான் வேறொன்று கண்ணில் பட்டது.

எங்கள் ஊர்க்காரர்கள் வண்டி நிற்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். 'வண்டி நின்ற பின் எழவும்' என்று எழுதி ஒட்டியிருக்கும். ஆனால் மணியை அழுத்திய கையோடு எழுந்து பின்கதவுக்கு நடப்பார்கள். அன்றும் காய்கறிப் பையோடு ஒரு பாட்டியம்மா அப்படி நடந்தார். மணி அடித்தது. அப்பா மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். வண்டியின் வேகம் தானாகக் குறைவது போலக் குறைந்தது. எந்த இடத்தில் பிரேக் விழுந்தது என்றே தெரியவில்லை. ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவில் அவர் ஒரு நீண்ட சரிவை வைத்திருந்தார். பாட்டியம்மா கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை. பையிலிருந்த முள்ளங்கி ஆடவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேலாக அவர் உடம்பு இதைத்தான் செய்கிறது. ஓட்டம் ஒன்று முடியப்போகிறது என்றால், பின்னால் யாரோ எழுந்து நிற்கிறார்கள் என்று அவருக்கு அர்த்தம்.

அவர் தாளம் தப்பவில்லை. வரி முடிவில் பிரேக் போடுகிறார்.

*

கடையில் எல்லாரும் மிகக் கூர்மையாகக் காட்டும் கண்ணாடியையே கேட்பார்கள். அந்த நாற்காலியில் அது பிரமாதமாகத் தெரியும். வீட்டுக்குப் போய்ப் படியிறங்கும்போது தலை சுற்றும். அதனால் சிலருக்கு நான் பவரைக் கொஞ்சம் குறைத்துப் போடுவேன். "கொஞ்சம் மங்கலா இருக்கே" என்பார்கள். "போட்டுக்கிட்டு நடந்து பாருங்க" என்பேன். இவ்வளவு தெரிந்தவள் ஒலிகளில் மட்டும் கூரானதாகவே பொறுக்கியிருக்கிறேன்.

அன்று மாலையே உட்கார்ந்தேன். கிக்கின் தலையைச் சீவினேன். 'டொக்' என்றிருந்தது 'தும்ம்' என்றாயிற்று. ஓங்கி வந்து மோதாமல், அடியிலிருந்து பொங்கி எழுந்தது. அரிசிச் சில்லை எடுத்துவிட்டு வண்டியில் மழை துடைக்கும் தண்டின் இழுவையை வைத்தேன். 'ஷ்ஷ்… ஷ்ஷ்'. அதற்குத் தலை எங்கே, வால் எங்கே என்றே சொல்ல முடியாது. ஒருவர் அதன்மேல் சற்று முந்தியும் நிற்கலாம், சற்று பிந்தியும் நிற்கலாம். அகலமான படி போல. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கிக்கை நிறுத்திவிட்டு, கதவின் காற்றுச் சத்தத்தை இழுத்து நீட்டிப் போட்டேன். அப்பா நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கிளம்ப அந்த இடம் போதும்.

ஸ்னேரையும் கைத்தட்டலையும் எடுப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. எடுத்தால் அங்கே ஒரு பள்ளம். வைத்தால் அம்மா சொன்னதுபோல மண்டபத்துக் கைகளெல்லாம் அதோடு சண்டை போடும். எடுத்தேன். வைத்தேன். மறுபடி எடுத்தேன். கடைசியில் பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டேன்.

வரி எங்கே தொடங்குகிறது என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு மணியை வைத்தேன். 'டிங்' என்றால் அடுத்த வரி.

சனிக்கிழமை காலைச் சுற்று முடிந்து அப்பா வந்ததும் கெஞ்சிப் பாடச் சொன்னேன். காற்றுச் சத்தம் முடிந்தது. மணி அடித்தது. அப்பா வாயே திறக்கவில்லை. அடுத்த மணிக்கும் அப்படியே.

"பாடுங்கப்பா! மணிதான் உங்களுக்குக் குறி."

"மணி அடிச்சா எப்படிம்மா கெளம்புவேன்?" அவர் குரலில் உண்மையான குழப்பம். "யாரோ எறங்கணும்னு சொல்றாங்க. மெதுவாக்க வேண்டாமா?"

அம்மா சோபாவில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தாள். "பட்டன் அமுத்தறது எறங்கறதுக்குடி, அறிவாளி! எங்க காலத்துல மணியும் கிடையாது, பட்டனும் கிடையாது. நான்தான் மணி. கதவுல தொங்கிக்கிட்டு வண்டியை ரெண்டு தட்டுத் தட்டி 'ஓராய்!'னு கத்தினாத்தான் உங்கப்பா எடுப்பாரு. கத்தாட்டி அப்படியே உக்காந்திருப்பாரு, மண்ணாட்டம்."

அம்மா கல்யாணத்துக்கு முன்பு பேருந்தில் நடத்துனர். அந்தக் காலத்து நடத்துனர்கள் எல்லாரும் 'ஆல்ரைட்'டைத்தான் அப்படிக் கத்துவார்கள். அவர்களுடைய காதல் கதை முழுவதுமே அந்தக் கத்தல்தான் என்று நாங்கள் கேலி செய்வோம்.

"மண்ணாட்டம் இல்ல," என்றார் அப்பா. "உன் குரல் வரட்டும்னு இருப்பேன்."

அம்மா திடீரென்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மணியை வரி முடியப்போகும் இடத்துக்கு நகர்த்தினேன். வரி தொடங்கும் இடத்தில் இடது விளக்கின் டிக் டிக்கை வைத்தேன். வேகம் முழுவதையும் அந்த டிக்குக்கு ஏற்றபடி குறைத்தேன். மறுபடி போட்டோம்.

டிக், டிக். அப்பா கிளம்பினார். 'டிங்' என்றது. மெதுவாக்கினார். காற்று வந்தது, நின்றார். டிக், டிக். கிளம்பினார். நான்கு வரியும் அப்படியே போயிற்று. அவர் கண்கள் நடுவில் இரண்டு முறை மேலே போனதைப் பார்த்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் அங்கே கண்ணாடி கிடையாது. நாள்காட்டிதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். சோற்றுக்கு முன்னால் அப்பா தொண்டையைச் செருமினார். பாடமாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ?

"தாசோமா, அந்த மண்டபத்துல மைக் ஒயர் உள்ளதா, இல்லாததா?"

"ஒயர் இல்லாததுப்பா. ஏன்?"

"கால்ல சிக்கக் கூடாதுல்ல. அதான்."

*

செவ்வாய்க்கிழமை வகுப்பில் புதிய பீட்டைக் கேட்ட கூ அண்ணன், "பஞ்சு மூட்டை உருளற மாதிரி இருக்கே, போன தடவை போட்டதுக்கு என்ன கேடு?" என்றார். மோக் சார் ஒருமுறைதான் கேட்டார். "கல்யாண மண்டபம் எதிரொலிக்கும். எல்லாமே இன்னும் மழுங்கும். வரியோட முதல் அடிக்கு மட்டும் கொஞ்சம் தலையை விட்டு வை" என்றார். விட்டு வைத்தேன். அந்தப் பள்ளத்தைக் காட்டி, "இங்க என்ன?" என்று கேட்டார்.

"ஆளுங்க தட்டுவாங்க சார்."

"தட்டாட்டி?"

அந்தக் கேள்வி கல்யாண நாள்வரை என்னோடு வந்தது.

மண்டபம் அவர் சொன்னபடியே எதிரொலித்தது. அப்பா அக்காவைக் கைபிடித்து அழைத்துவந்து மாப்பிள்ளையிடம் விட்டார். முன்வரிசையில் அம்மா இளஞ்சிவப்புப் பட்டில். எதிர்ப்பக்கம் சம்பந்தியம்மா நீலப் பட்டில், நிமிர்ந்து. மொய்யை நீட்டிவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனவர்கள் போக, பாதி நாற்காலிகள்தான் நிரம்பியிருந்தன. கடைசி வரிசையில் அப்பாவோடு வேலை செய்யும் ஓட்டுநர்கள் ஏழெட்டுப் பேர்.

"இப்போது மணமகளின் தந்தை திரு. பியோ கிதே அவர்கள் வாழ்த்துப் பாடுவார்" என்று அறிவித்தார்கள். ஒலிக்காரர் பட்டனைத் தட்டினார்.

டிக், டிக்.

அப்பா கிளம்பினார். குரல் நடுங்கியது, ஆனால் அறுபடவில்லை. முதல் வரி முடியப் போகும்போது மணி அடித்தது. கடைசி வரிசையில் ஓர் ஓட்டுநர் சட்டென்று தலையைத் தூக்கி, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் அடித்துச் சிரித்தார். அந்த வரிசைதான் முதலில் தட்டத் தொடங்கியது. பிறகு மற்றவர்கள். பள்ளத்தில் கைகள் விழுந்தன. ஒன்றாக விழவில்லை. சிலது முன்னே, சிலது பின்னே, எதிரொலி இன்னும் பின்னே. அகலமாக, சொரசொரப்பாக. அப்பா எங்கே நின்றாலும் அதற்குள்ளேதான் நின்றார்.

இரண்டாவது வரி. மூன்றாவது வரி. "உன் நிறுத்தம் வந்தாச்சு, மெதுவா இறங்கு." மணி. காற்றுச் சத்தம். பிறகு டிக், டிக்.

அப்பா கிளம்பவில்லை.

அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வெள்ளை உடையில் மேடைமேல் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வரிதான் பாக்கி. கைத்தட்டல் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அந்தக் கடைசி வரிக்கு முன்னால் மட்டும் டிக்கை நான் நீட்டி வைத்திருந்தேன். கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. எவ்வளவு போதும் என்று முடிவுசெய்யத் தெரியாமல், இருக்கட்டும் இருக்கட்டும் என்று ஒட்டிக்கொண்டே போயிருந்தேன். இப்போது அதுவும் தீர்ந்துகொண்டு வந்தது. எங்கே தீரும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கன்னம் நனைந்திருந்தது. மைக் மெல்லக் கீழே இறங்கியது. சம்பந்தியம்மா கைக்குட்டையை எடுத்தார்.

முன்வரிசையில் அம்மா இளஞ்சிவப்புப் பட்டுக் கையை வீசி, நாற்காலியின் பக்கப்பலகையில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஓராய்!"

மண்டபமே திரும்பியது. வயதானவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அப்பாவின் மைக் தானாக மேலே வந்தது.

"நீ இறங்கற வரைக்கும்…"

முதல் அடிக்கு நான் விட்டுவைத்த கொஞ்சத் தலை, அவர் தொடங்கி ஒரு கணம் கழித்து, அவருக்குக் கீழே வந்து சேர்ந்தது. இந்த முறை பீட்தான் பிந்தியது. யாருக்கும் தெரியவில்லை. அவர் வரியை முடித்தார். முடிவில் பிரேக் போட்டார். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம்.

பென்டிரைவைத் திருப்பித் தரும்போது ஒலிக்காரர், "அந்த டிக் டிக்கைக் கேட்டு ஸ்பீக்கர் போச்சுன்னே நெனச்சேன்மா, நிறுத்தப் போய்ப் பட்டன்ல கையே வெச்சுட்டேன்" என்றார். வாசலில் அடுத்த கல்யாணத்துக்காரர்கள் பூங்கொத்துகளோடு நின்றிருந்தார்கள்.

அக்காவும் மாப்பிள்ளையும் மேடையிலிருந்து இறங்கத் திரும்பினார்கள். அப்பா பக்கத்தில் அப்படியே நின்றிருந்தார், மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி.

"மெதுவா," என்றார் அக்காவிடம். "படி இருக்கு."

மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.